நுரையீரல் சிரைக் கோளாறுகளை மார்புப் படங்களில் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மார்பு சி.டி. படத்தைத் திறந்ததும் கண் முதலில் தேடுவது நுரையீரல் தமனிகளைத்தான். அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நுரையீரல் திசு, நிணநீர் முடிச்சு, எலும்பு என்று நகர்ந்துவிடுகிறோம். சிரைகளைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லாமல் போவது சர்வசாதாரணம். அபூர்வமான சிரைக் கோளாறுகள் கைநழுவிப் போவதற்குப் படத்தின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் கோளாறு படத்தில் பளிச்சென்று இருக்கும். அந்தச் சிரை எங்கே போய்ச் சேருகிறது என்று கடைசிவரை யாரும் தொடர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். கதிரியக்கவியல் படிக்கும் மருத்துவர்களுக்கும், ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்களுக்கும், படங்களைத் தாமே பார்க்கும் இதய, நுரையீரல் மருத்துவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதலில் இயல்பு எது என்று தெரிய வேண்டும்

வழக்கமாக நான்கு சிரைகள்: வலப்பக்கம் மேல், கீழ், இடப்பக்கம் மேல், கீழ். நான்கும் இதயத்தின் இடது மேலறையில் தனித்தனி வாயில் வழியாகச் சேரும். வலது மேல்சிரை மேல்மடல், நடுமடல் இரண்டின் ரத்தத்தையும் கொண்டுவரும். இடது மேல்சிரை லிங்குலாவையும் (இடது மேல்மடலின் நாக்குபோன்ற கீழ்ப்பகுதி) சேர்த்து வடிக்கும்.

இதிலேயே வேறுபாடுகள் நிறைய. இடப்பக்கச் சிரைகள் இரண்டும் ஒரே தண்டாகச் சேர்ந்து நுழையலாம். வலது நடுமடலுக்குத் தனி வாயில் இருக்கலாம். வலது மேல்மடலின் பின்பகுதிச் சிரை, இடைநிலை மூச்சுக்குழாய்க்குப் பின்னால் சுற்றி வரலாம். இவை நோய் அல்ல. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: நுண்துளை வழியாக மடலை அகற்றும் அறுவை நிபுணர் அந்தப் பின்வழிச் சிரையை எதிர்பார்க்காமல் போனால் ரத்தப்போக்கில் முடியும்.

தமனியையும் சிரையையும் பிரித்தறிய ஒரு விதி போதும். தமனி மூச்சுக்குழாயோடு ஒட்டியே போகும். சிரை மூச்சுக்குழாயை விட்டு விலகி, இரண்டு பகுதிகளுக்கு இடைப்பட்ட எல்லையில் ஓடும். மேல்சிரைகள் மூச்சுக்குழாய்க்கு முன்னால் இறங்கும். கீழ்சிரைகள் ஏறக்குறைய கிடைமட்டமாக, பின்புறத்திலிருந்து மேலறைக்குள் நுழையும்.

எக்ஸ்ரேயில் எதைக் கவனிப்பது

எக்ஸ்ரேயைக் கொண்டு சந்தேகப்படலாம். முடிவு சொல்ல முடியாது. சந்தேகத்தைத் தூண்ட வேண்டிய அடையாளங்கள் சில உண்டு.

வலது இதய ஓரத்துக்கு அருகில், உதரவிதானத்தை நோக்கி இறங்க இறங்க அகலமாகும் வளைந்த நிழல் தெரிந்தால் சிமிட்டர் சிரையை நினையுங்கள். வளைந்த வாள் போன்ற அதன் வடிவத்தால் வந்த பெயர் அது. வலது நுரையீரல் சிறுத்து, இதயம் வலப்பக்கம் நகர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் நுரையீரல் மிகவும் சிறுத்த நோயாளிகளில் இதயமே அந்தச் சிரையை மறைத்துவிடும். அப்போது தெரிவது இடம் நகர்ந்த இதயமும் சிறிய வலது மார்பும் மட்டுமே.

பெருந்தமனி வளைவுக்கு இடப்புறம் செங்குத்தான குழல்போன்ற நிழல், நுனியிலோ பின்புறத்திலோ நுரையீரல் நோய் எதுவும் இல்லாமலேயே ஒரு மடலில் மட்டும் தடித்த இடைச்சுவர்க் கோடுகள் (நுரையீரலின் சிறு கூறுகளைப் பிரிக்கும் சுவர்கள்), இதயத்துக்குப் பின்னால் மழமழப்பான வட்டக் கட்டி: இவையும் சிரையை நினைவூட்ட வேண்டியவை. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் வலப்பக்கச் சிரைகள் சேரும் இயல்பான சந்திப்பாகவே இருக்கும். அதைக் கட்டி என்று எழுதி நோயாளியைப் பயாப்சி வரை அனுப்பிவிடக் கூடாது.

இன்னொரு குறிப்பு: இடது கழுத்து அல்லது தோள்பட்டைச் சிரை வழியாகப் போட்ட கதீட்டர், நடுக்கோட்டைக் கடக்காமல் இடப்பக்கமே கீழிறங்கியிருந்து, உறிஞ்சினால் பளீர்ச் சிவப்பு ரத்தம் வந்தால், அது தமனிக்குள் போய்விட்டது என்று முடிவுகட்டுமுன், தவறான இடத்தில் சேரும் நுரையீரல் சிரைக்குள் நுழைந்திருக்கலாம் என்பதையும் யோசியுங்கள்.

சி.டி. எடுக்கும் முறை

வழக்கமான நுரையீரல் தமனி ஸ்கேன், சிரைக்கு ஏற்ற நேரத்தில் எடுக்கப்படுவதில்லை. சிரையைப் பார்க்க வேண்டுமானால் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் பளிச்சென்று காட்ட ஊசிவழி செலுத்தும் மருந்து) வருகையைக் கண்காணிக்கும் வட்டத்தை நுரையீரல் தமனித் தண்டில் வைக்காமல் இடது மேலறையில் வையுங்கள். பெரியவர்களுக்கு மில்லிக்கு 350 முதல் 370 மில்லிகிராம் அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் 60 முதல் 80 மில்லி, வினாடிக்கு 4 முதல் 5 மில்லி வேகத்தில், பின்னாலேயே 30 முதல் 40 மில்லி சலைன். குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2 மில்லி. குழாய் மின்னழுத்தம் 80 கிலோவோல்ட்டோ அதற்கும் குறைவோ போதும். படத் துண்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மேலறை வாயில்களை அளக்க வேண்டியிருந்தால் ஈ.சி.ஜி.யோடு இணைத்து எடுங்கள். இல்லையென்றால் இதயத் துடிப்பே வாயிலின் விளிம்பை மங்கலாக்கி, இல்லாத சுருக்கத்தைக் காட்டும்.

எந்தக் கையில் ஊசி போடுவது என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இடது மேல்மடல் சிரையில் சந்தேகம் இருந்தால் வலது கையில் போடுங்கள். இடது கையில் போட்டால் அடர்த்தியான கான்ட்ராஸ்ட் இடது பிரேக்கியோசெஃபாலிக் சிரையை (இடது கை, கழுத்தின் ரத்தத்தை மேற்பெருஞ்சிரைக்குக் கொண்டுபோவது) நிரப்பி, அதிலிருந்து கிளம்பும் கீற்றுகள் நீங்கள் தேடும் சந்திப்பையே மறைத்துவிடும். வலது மேல்மடல் சிரை மேற்பெருஞ்சிரையில் (உடலின் மேற்பகுதி ரத்தத்தை வலது மேலறைக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) சேருகிறதா என்பதுதான் கேள்வி என்றால், இரு கைகளிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே சலைன் தாராளமாகப் போய் மேற்பெருஞ்சிரை கழுவப்பட்ட பிறகு படம் விழும்படி நேரத்தைத் தள்ளுங்கள்.

மூச்சைச் சாதாரணமாக இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். மிக ஆழமாக இழுத்தால், கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து கான்ட்ராஸ்ட் கலக்காத ரத்தம் திடீரென்று மேலேறி, வலது இதயத்துக்கு வரும் கான்ட்ராஸ்டை நீர்த்துப்போகச் செய்யும்.

ஸ்கேன் எல்லையும் முக்கியம். சிமிட்டர் சந்தேகத்திலும் பிறந்த குழந்தைகளிலும் உதரவிதானத்தோடு நிறுத்தாதீர்கள். கல்லீரலும் வயிற்றுப் பெருந்தமனியின் மேல்கிளைகளும் முழுவதும் அடங்க வேண்டும். வலது கீழ்மடலுக்கு வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து வரும் தமனியும், போர்ட்டல் சிரைக்கு (குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது) இறங்கும் நுரையீரல் சிரையும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன.

படிக்கும் வரிசை

முதல் சுற்றில் இடது மேலறையிலிருந்து வெளியே போங்கள். எத்தனை வாயில்கள், எந்தப் பக்கம், மேலறையின் பின்சுவர் எங்காவது வாயிலே இல்லாமல் மழமழவென்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சுற்றில் எதிர்த்திசையில் வாருங்கள்: நுரையீரலின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு மடலின் சிரையையும் பிடித்து, அது கொட்டும் இடம்வரை துண்டு துண்டாகத் தொடருங்கள். வலது மேல், நடு, கீழ். இடது மேல், லிங்குலா, கீழ் என ஆறு மடல்பகுதிகள், ஆறு பதில்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் இந்தச் சுற்றைத்தான் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். தவறான இடத்தில் சேரும் சிரையோ மேலறையில் வாயிலே இல்லாதது. மேலறையிலிருந்து கிளம்பினால் அது ஒருபோதும் கண்ணில் படாது. பழகிய கைக்கு இரண்டு சுற்றும் சேர்த்து ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

மூன்றாவதாக, விளைவுகளைத் தேடுங்கள். வலது மேலறை, வலது கீழறை பெரிதாகியிருக்கின்றனவா? நுரையீரல் தமனித் தண்டு பக்கத்துப் பெருந்தமனியைவிட அகலமா? காரணம் தெரியாமல் வலது இதயம் பெரிதாகியிருந்தால், இரண்டாவது சுற்றை மறுபடி செய்யுங்கள். முப்பரிமாணப் படத்தைக் கடைசியில் மட்டும் திறங்கள். அறுவை நிபுணருக்குக் காட்ட அது அருமையானது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு குழாய்களை ஒட்டவைத்துக் காட்டும் குணமும் அதற்கு உண்டு.

தவறான இடத்தில் சேரும் சிரைகள்: பகுதி வகை

ஒன்றோ சிலவோ சிரைகள் இடது மேலறைக்குப் பதில் உடலின் சிரைகளிலோ வலது மேலறையிலோ கொட்டுவது இந்த வகை. கருவில் நுரையீரலின் சிரை வலை முதலில் உடல் சிரைகளோடுதான் இணைந்திருக்கும். பிறகு இடது மேலறையிலிருந்து முளைக்கும் பொதுச்சிரையோடு சேர்ந்து, பழைய இணைப்புகள் மறையும். எந்த இணைப்பு மறையவில்லையோ அதுதான் பிறகு கோளாறாக நிற்கிறது. பிரேதப் பரிசோதனைகளில் 0.4 முதல் 0.7 சதவீதம் வரை இது காணப்பட்டிருக்கிறது.

பெரியவர்களின் சி.டி.யில் தற்செயலாகக் கிடைப்பதில் இடது மேல்மடல் வகை அதிகம். அந்தச் சிரை பெருந்தமனி வளைவின் இடப்புறமாக மேலேறி இடது பிரேக்கியோசெஃபாலிக் சிரையில் சேரும். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் இதை நிணநீர் முடிச்சு என்று எழுதிவிடுவார்கள். கான்ட்ராஸ்ட் உள்ள படத்திலும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது: பிறவியிலேயே மறையாமல் நின்றுவிட்ட இடது மேற்பெருஞ்சிரையும் இதே இடத்தில்தான் தெரியும். வளைவின் மட்டத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய இடது முதன்மை மூச்சுக்குழாயின் மட்டத்துக்கு இறங்குங்கள். அந்தக் குழாய்க்கு முன்னால் இயல்பாக ஒரே ஒரு ரத்தக்குழாய்தான், அதாவது இடது மேல்சிரை, இருக்கும். அங்கே இரண்டு தெரிந்தால் மறையாத மேற்பெருஞ்சிரை. ஒன்றுமே இல்லாவிட்டால், அல்லது லிங்குலாவின் மெல்லிய சிரை மட்டும் இருந்தால், மேல்மடல் சிரை மேலேறிப் போய்விட்டது என்று பொருள். மேலும் இரண்டு சான்றுகள் உறுதிசெய்யும்: மறையாத மேற்பெருஞ்சிரை கீழே போய் கொரோனரி சைனஸை (இதயத் தசையின் ரத்தத்தை வலது மேலறைக்குத் திருப்பும் சிரை) பெரிதாக்கும், அப்போது பிரேக்கியோசெஃபாலிக் சிரை சிறுத்தோ இல்லாமலோ இருக்கும், நுரையீரல் சிரையாக இருந்தால் பிரேக்கியோசெஃபாலிக் சிரை கூடுதல் ரத்தத்தால் பருத்திருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. அல்லது டாப்ளரில் ஓட்டத்தின் திசையைப் பாருங்கள். நுரையீரல் சிரையில் ரத்தம் மேல்நோக்கி ஓடும், மற்றதில் கீழ்நோக்கி.

வலது மேல்மடல் சிரை மேற்பெருஞ்சிரையில் சேரும்போது, குறுக்குவெட்டில் வட்டமாக இருக்க வேண்டிய மேற்பெருஞ்சிரை ஒரு பக்கம் நீண்டு கண்ணீர்த்துளி வடிவம் எடுக்கும். தடித்த துண்டுகளில் இயல்பான சிரைகூட மேற்பெருஞ்சிரையில் சேர்வதுபோல் தோன்றும். ஏனெனில் அது அதன் பின்னால் உரசிக்கொண்டுதான் போகிறது. மெல்லிய துண்டில் இடையே கொழுப்புக் கோடு தெரிந்தால் இயல்பு. சேர்க்கை உறுதியானால் அடுத்த கணமே சைனஸ் வெனோசஸ் துளையைத் தேடுங்கள்: மேற்பெருஞ்சிரை வலது மேலறையில் நுழையும் இடத்தில், இடது மேலறைக்கு நடுவிலுள்ள சுவர் காணாமல் போயிருக்கும். மார்பின் மேல் வைத்துச் செய்யும் எக்கோ இதைப் பலமுறை தவறவிடுகிறது. ‘எக்கோவில் துளை இல்லை’ என்ற குறிப்பை நம்பி இந்தத் தேடலை விட்டுவிடாதீர்கள்.

சிமிட்டர் நோய்த்தொகுதி என்ற பெயர் 1960-இல் வந்தது; அமைப்பை 1836-லேயே விவரித்திருக்கிறார்கள். வலது நுரையீரலின் முழுச் சிரையோ ஒரு பகுதியோ கீழ்ப்பெருஞ்சிரையில் சேரும். சிரையைக் கண்டதும் நிறுத்திவிடாமல், கூட வருபவற்றையும் பாருங்கள்: வலது நுரையீரல் தமனி சிறுத்திருக்கிறதா, மூச்சுக்குழாய்க் கிளைகள் மாறியிருக்கின்றனவா, வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து கீழ்மடலுக்குத் தனித் தமனி வருகிறதா, சிரை கீழ்ப்பெருஞ்சிரையில் நுழையும் இடத்தில் சுருக்கம் உண்டா. கைக்குழந்தையில் அந்தத் தனித் தமனி இதயச் செயலிழப்பைத் தீவிரமாக்கும். கதீட்டர் மூலம் அதை அடைப்பதே சில குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை.

இங்கே ஒரு பொறி. அதே வளைந்த நிழல், அதே வலது நுரையீரல். ஆனால் சிரை சுற்றி வளைந்து கடைசியில் இடது மேலறையிலேயே சேர்ந்துவிடும். போலிச் சிமிட்டர் என்று அழைக்கப்படும் இதற்கு அறுவை தேவையில்லை. எக்ஸ்ரேயில் இரண்டையும் பிரிக்க முடியாது. சி.டி.யில் சிரையின் முடிவைப் பார்த்தவருக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும்.

எல்லாச் சிரைகளும் இடம் மாறினால்

இது பிறந்த குழந்தையின் அவசரநிலை. 1957-இல் வந்த டார்லிங் வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் உள்ளது: இதயத்துக்கு மேலே சேர்வது (ஏறக்குறைய பாதி), இதயத்திலேயே சேர்வது, இதயத்துக்குக் கீழே சேர்வது, கலப்பு வகை. மேல்வகையில் எக்ஸ்ரே காட்டும் பனிமனித வடிவம் பிரபலம். ஆனால் அது உருவாகச் சில மாதங்கள் ஆகும். பிறந்த சில நாளில் அதைத் தேடிப் பயனில்லை.

ஆபத்தானது கீழ்வகை. சிரைகள் ஒன்றுசேர்ந்து உணவுக்குழாய்க்கு முன்னால் உதரவிதானத்தைத் துளைத்து இறங்கி போர்ட்டல் அமைப்பில் சேரும்போது, ரத்தம் கல்லீரலைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் கிட்டத்தட்ட எப்போதும் அடைப்பு இருக்கும். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க நீர்கோத்த மங்கல், இதயமோ இயல்பான அளவு. இந்தச் சேர்க்கையைக் குறைப்பிரசவ மூச்சுத்திணறல் என்று எண்ணிச் சர்ஃபாக்டன்ட் (காற்றறைகள் விரிய உதவும் மருந்து) கொடுத்துக்கொண்டே நேரம் கடந்துவிடும். நிறைமாதக் குழந்தை, இயல்பான இதய அளவு, ஆக்சிஜனுக்கு அசையாத நீலம்: இம்மூன்றும் சேர்ந்தால் உடனே எக்கோ. எக்கோ ஒவ்வொரு சிரையையும் காட்ட முடியாதபோது, குறிப்பாகக் கலப்பு வகையில், சி.டி.

சுருங்கியும் அடைபட்டும் போகும் சிரைகள்

1998-இல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று தெரியவந்ததிலிருந்து, அந்த வாயில்களைச் சுற்றிச் சுடும் சிகிச்சை பரவியது. அதன் பக்கவிளைவுதான் இன்று பெரியவர்களில் காணும் சிரைச் சுருக்கத்துக்கு முக்கியக் காரணம். சிகிச்சை முடிந்து சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் இருமல், மூச்சுத்திணறல், ரத்தம் கலந்த சளி. படத்தில் ஒரு மடலில் மட்டும் தடித்த இடைச்சுவர்கள், மங்கல், சில சமயம் திடப்பகுதி. நிமோனியா, தமனி அடைப்பு, புற்றுநோய் என்று மூன்று தவறான பெயர்களையும் இது சுமந்து திரியும். ஸ்கேன் கோரிக்கையில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று கண்டால், சுடும் சிகிச்சை நடந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

அளப்பதைக் குறுக்குவெட்டில் செய்யாதீர்கள். சிரையின் அச்சுக்குச் செங்குத்தாகப் படத்தைத் திருப்பி, வாயிலின் நீள்விட்டம், குறுவிட்டம், பரப்பு மூன்றையும் குறியுங்கள். விட்டம் 50 சதவீதத்துக்குள் குறைந்தால் லேசானது, 50 முதல் 70 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுவதே சிறந்த சான்று. இடது கீழ்சிரை இயல்பாகவே மேலறைக்கும் இறங்கு பெருந்தமனிக்கும் நடுவே நசுங்கித் தட்டையாக இருக்கும். குறுவிட்டத்தை மட்டும் பார்த்து அதைச் சுருக்கம் என்று எழுதாதீர்கள். சி.டி. ‘முழு அடைப்பு’ என்று காட்டுவதில் சில, இழைபோல் ஓட்டம் மீந்திருப்பவை. ஆகவே ஸ்டென்ட் வாய்ப்பை நிராகரிக்குமுன் கதீட்டர் ஆஞ்சியோ தேவை.

ரத்தக்கட்டி இருப்பதாகத் தோன்றினாலும் அவசரம் வேண்டாம். ஒரு மடலிலிருந்து தாமதமாக வரும் ரத்தம் கான்ட்ராஸ்டோடு கலக்காமல் கருநிழலாகத் தெரியும். 60 வினாடிக்குப் பிறகு எடுக்கும் படத்தில் அது மறைந்தால் கலவைக் குறை, நின்றால் கட்டி. இடது மேல்மடலை அகற்றிய பிறகு மிஞ்சும் நீளமான சிரைத் துண்டில் உண்மையான கட்டி உருவாகும். மூளைப் பக்கவாதத்துக்கு அது வழிவகுக்கலாம்.

பிறவியிலேயே ஒரு பக்கச் சிரைகள் மூடியிருந்தால், அந்தப் பக்க மார்பு சிறுத்து, நடுப்பகுதி அந்தப் பக்கம் இழுக்கப்பட்டு, இடைச்சுவர்கள் தடித்திருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் சிரையின் அடித்துண்டுகூட இல்லாமல் மழமழவென்று இருப்பதே கைரேகை.

நுண்சிரை அடைப்பு நோயில் பெரிய சிரைகள் நன்றாகவே இருக்கும், சிக்கல் கண்ணுக்கு எட்டாத சிறு சிரைகளில். நுரையீரல் தமனி அழுத்தம் உயர்ந்த நோயாளியின் சி.டி.யில் தடித்த இடைச்சுவர், மடலக நடுவில் மங்கலான புள்ளிகள், பெரிதான நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்து, இடது மேலறை இயல்பாக இருந்தால் ரிப்போர்ட்டில் இந்த நோயின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். காரணம் எளிது: தமனியை விரிக்கும் மருந்துகளை வழக்கம்போலத் தொடங்கினால், சிரை மூடியிருப்பதால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். பயாப்சியும் ரத்தப்போக்கால் ஆபத்தானது. எனவே படமும், ஈ.ஐ.எஃப்.2ஏ.கே.4 மரபணுவின் இரு பிரதிகளிலும் மாற்றம் உண்டா என்ற சோதனையும்தான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

விரிந்த சிரை

சிரைப் புடைப்பு பெரும்பாலும் வலது கீழ்சிரையில், மேலறைக்கு அருகே வரும். மைட்ரல் வால்வு கசிவோடு சேர்ந்து காணப்படும். கட்டி என்று ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மேலறை நிரம்பும் அதே நேரத்தில் அதே அடர்த்தியில் நிரம்பினால் அது சிரை. கூடவே பருத்த தமனியும் வந்து சேர்ந்தால் அது தமனி-சிரை நேரிணைப்பு, வேறு நோய்.

எம்.ஆர்.ஐ. எப்போது

எங்கே சேருகிறது என்பதை சி.டி. சொல்லும், எவ்வளவு ரத்தம் வழிமாறுகிறது என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும். நுரையீரல் தமனித் தண்டிலும் ஏறு பெருந்தமனியிலும் ஓட்டத்தை அளந்து வகுத்தால் கிடைக்கும் விகிதம் 1.5-ஐ எட்டினால், வலது இதயமும் பெரிதாகியிருந்தால், அறுவை பற்றிப் பேச வேண்டிய நேரம். ஒற்றை மடல் சிரை மட்டும் இடம் மாறியிருந்தால் விகிதம் பெரும்பாலும் அந்த அளவைத் தொடாது. ஓட்ட வேக வரம்பைக் குறைவாக வைத்தால் படத்தில் வேகம் தலைகீழாகப் புரண்டு கணக்கே தப்பும். பெரிய தமனிகளுக்கு வினாடிக்கு 150 சென்டிமீட்டரில் தொடங்கி, தேவைப்பட்டால் ஏற்றுங்கள்.

ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவை

எந்த மடலின் எந்தச் சிரை, எத்தனை கிளைகள், எங்கே சேருகிறது என்று முதலில். மேற்பெருஞ்சிரையில் சேர்ந்தால், அது வலது மேலறையில் நுழையும் இடத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில், அசைகஸ் சிரைக்கு (முதுகெலும்பை ஒட்டி ஏறி மேற்பெருஞ்சிரையில் சேருவது) மேலா கீழா என்று எழுதுங்கள். உயரமாகச் சேர்ந்தால் மேற்பெருஞ்சிரையை வெட்டி இடம் மாற்றும் வார்டன் முறை, தாழ்வாகச் சேர்ந்தால் ஒட்டுத்துண்டு என்று அறுவை நிபுணர் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் யோசிப்பார். மேலறைத் துளை, வலது இதய அளவு, தமனித் தண்டின் விட்டம், சுருக்கம் இருந்தால் அதன் இடம், உடல் தமனியிலிருந்து வரும் கிளை ஆகியவற்றுக்கு ‘இல்லை’ என்றாலும் தனித்தனி வரி வேண்டும்.

நுரையீரல் புற்றுநோய்க்காக மடல் அகற்றப்போகும் நோயாளியின் படத்தில் இந்தக் கோளாறு தற்செயலாகத் தெரிந்தால், அது எடுக்கப்போகும் மடலிலா, மிஞ்சப்போகும் மடலிலா என்பதை முடிவுரையின் முதல் வரியிலேயே எழுதி, அறுவை நிபுணரைத் தொலைபேசியிலும் அழைத்துச் சொல்லுங்கள். மிஞ்சும் மடலில் இருந்தால், அறுவைக்குப் பின் நுரையீரல் ரத்த ஓட்டத்தின் பெரும்பங்கு வலது இதயத்துக்கே திரும்பி, மேசையிலேயோ மறுநாளோ இதயம் தளர்ந்துவிடலாம். முன்கூட்டியே தெரிந்தால் அதே அறுவையில் அந்தச் சிரையை இடது மேலறையோடு இணைத்துவிட முடியும்.